புடவைக் கடைக் காட்சியமைப்பை எங்கே கற்பது? மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளுக்கு உள்ள வழிகள்

உயர்தரம் முடித்த பிள்ளைகளும், புடவைக் கடையில் ஏற்கெனவே வேலைக்கு நிற்கிற இளைஞர்களும் என்னிடம் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். விசுவல் மேர்ச்சன்டைசிங் என்று சொல்லப்படும் கடைக் காட்சியமைப்பைக் கற்க விருப்பம். அதற்குக் கொழும்புக்குப் போவதா, ஒன்லைனில் படிப்பதா, ஊரிலேயே ஒரு கடையில் சேர்ந்துகொள்வதா? கல்முனையிலும் மட்டக்களப்பு நகரிலும் ஆடையகங்களுக்குக் காட்சியமைத்துக் கொடுப்பவள் நான். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்தில் வளர்ந்த, கையில் பெரிய பணமில்லாத ஒருவர் முதலில் கடைக்குள் போக வேண்டும். அங்கே நிற்கும் காலத்திலேயே ஒன்லைன் பாடம் ஒன்றை எடுக்க வேண்டும். கொழும்பை அதன் பிறகு யோசிக்கலாம். இந்த வரிசை பொருந்தாதவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் யார் என்பதையும் சொல்கிறேன்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் இந்தத் தொழிலுக்குள் என்னென்ன இருக்கின்றன என்று தெரிந்திருக்க வேண்டும். பொம்மைக்குச் சேலை கட்டிவிடுவது அதில் சிறு பகுதி. கண், கை, கணக்கு என்று நான் மூன்றாகப் பிரித்துப் பார்ப்பேன். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம், பார்வை முதலில் எங்கே விழ வேண்டும், உயர்ந்ததையும் தாழ்ந்ததையும் எப்படி முக்கோணமாக நிறுத்துவது, எந்த இடத்தை வெறுமையாக விடுவது என்பவை கண்ணுக்குரிய பயிற்சி. துணியை நீராவியால் நீவி எடுப்பது, பொம்மையின் முதுகுப் பக்கத்தில் ஊசி குத்தி ஆடையை உடம்போடு பொருந்தச் செய்வது, தங்கூசியில் பொருளைத் தொங்கவிடுவது, விளக்கை எந்தக் கோணத்தில் திருப்புவது என்பவை கைக்குரியவை. கணக்கு என்றால், கடைக்கு முன்னால் நூறு பேர் போனார்கள் என்றால் எத்தனை பேர் நின்று பார்த்தார்கள், எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், எத்தனை பேர் பில் போட்டார்கள் என்ற எண்ணிக்கை. கற்க வருபவர்கள் முதல் இரண்டையும் விரும்புகிறார்கள். சம்பளம் தருகிற முதலாளி மூன்றாவதைத்தான் கேட்கிறார்.

இப்போது கொழும்பு. வடிவமைப்பையும் ஆடைத்துறையையும் பட்டப்படிப்பாகக் கற்பிக்கும் தனியார் நிறுவனங்கள் அங்கே இருக்கின்றன, ஏ.ஓ.டி. எனப்படும் அக்கடமி ஒஃப் டிசைன் அவற்றில் பெயர்பெற்றது. அரச பக்கத்தில் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் ஆடை வடிவமைப்பில் பட்டம் தருகிறது. உயர்தரப் பெறுபேற்றோடு உளச்சார்புப் பரீட்சையிலும் தேற வேண்டும். இவற்றின் பெரிய பலம் விமர்சனம். உங்கள் வேலையைச் சுவரில் வைத்து, ஆசிரியரும் சக மாணவரும் பார்த்து, ஏன் இப்படி, ஏன் அப்படி இல்லை என்று கேட்பார்கள். அந்தக் கேள்விகளை வேறெந்த வழியும் இவ்வளவு ஒழுங்காகத் தராது. இன்னொரு பலம் பார்ப்பதற்கான இடங்கள். 1989இல் தொடங்கிய ஓடெல் ஆடையகம், 2019இல் திறக்கப்பட்ட வன் கோல்ஃபேஸ் வணிக வளாகம் போன்றவற்றின் கண்ணாடிகளை வாரந்தோறும் நின்று பார்க்கலாம். பருவத்துக்குப் பருவம் என்ன மாறியது என்று குறித்துவைக்கலாம்.

ஆனால் தனியார் படிப்பின் கட்டணம் இலட்சக்கணக்கில் போகிறது. அதற்கு மேல் தங்குமிடம், சாப்பாடு. பாடங்கள் ஆங்கிலத்தில் நடக்கும். தமிழில் படித்து வந்த பிள்ளை முதல் வருடத்தின் பெரும்பகுதியை மொழியோடு போராடுவதிலேயே கழித்துவிடலாம். துணிவு உள்ளவர்கள் அதைத் தாண்டிவிடுகிறார்கள், அதையும் கண்டிருக்கிறேன். இன்னொன்றையும் கவனியுங்கள். பெரும்பாலான ஆடைப் பட்டங்களுக்குள் கடைக் காட்சியமைப்பு ஓர் அலகாகத்தான் வரும். அந்த அலகுக்காக மட்டும் முழுப் பட்டத்தின் செலவையும் ஏற்பது சரியா என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் கொழும்பு யாருக்கு? கிளைகள் பல உள்ள பெரிய ஆடை நிறுவனம் ஒன்றின் தலைமை அலுவலகத்தில் வேலை செய்ய வேண்டும் என்பவருக்கு. அத்தகைய நிறுவனங்களில், எந்த ராக்கையில் எந்த ஆடை எந்த உயரத்தில் வர வேண்டும் என்பதைத் தலைமை அலுவலகம் வரைந்து அனுப்பும், பிளானோகிராம் என்பார்கள். கிளையில் இருப்பவர் அந்தப் படத்தைப் பார்த்து அடுக்குவார். படத்தை வரைகிறவராக ஆக வேண்டுமென்றால் பட்டமும் ஆங்கிலமும் கணினி வரைபும் தேவை. அந்த ஆசை உள்ள பிள்ளையை ஊரில் நிறுத்திவைப்பது அநியாயம்.

இந்தியாவுக்குப் போவதைப் பற்றியும் கேட்கிறார்கள். சென்னை தரமணியில் 1995 முதல் இயங்கும், நிஃப்ட் எனப்படும் இந்திய அரசின் ஆடை வடிவமைப்பு நிறுவனத்தில் பாஷன் கம்யூனிகேஷன் என்ற நான்கு வருடப் பட்டத்துக்குள் காட்சியமைப்பு முக்கிய பாடமாக இருக்கிறது. சேலையை விற்கும் கடைகளை மையமாக வைத்துச் சிந்திக்கும் சூழல் என்பதால் நமக்கு அது நெருக்கமானது. வெளிநாட்டு மாணவர் கட்டணமும் விசாவும் சேரும்போது கொழும்பைவிட இலேசான வழி என்று சொல்ல முடியாது.

ஊரிலேயே இருக்கும் அரச நிறுவனங்களைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. கல்லடியில் இருக்கிற சுவாமி விபுலானந்தா அழகியல் கற்கைகள் நிறுவகத்தில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ், கட்புலக் கலைகளில் பட்டம் படிக்கலாம். கட்டணம் இல்லை, நான்கு வருடம். வரைதல், நிறம், சிற்பம், ஒரு வெளியைப் பொருள்களால் நிரப்பி அர்த்தம் கொடுப்பது என்று கண்ணையும் கையையும் இவ்வளவு ஆழமாகப் பழக்கும் இடம் மாவட்டத்தில் வேறில்லை. கடையைப் பற்றி அங்கே கற்பிக்க மாட்டார்கள். அதை நீங்களே தேடிக்கொள்ள வேண்டும். சித்திரத்தை உயர்தரத்தில் எடுத்து நல்ல பெறுபேறு பெற்ற பிள்ளைக்கு நான் முதலில் சொல்வது இந்த நிறுவகத்தைத்தான். விடுமுறைக் காலத்தில் கடையில் நிற்கட்டும். பட்டம் முடியும்போது இந்தக் கரையில் அவருக்கு நிகராகப் போட்டிபோட அதிகம் பேர் இருக்க மாட்டார்கள்.

தொழிற் பயிற்சி அதிகாரசபையும், நைட்டா எனப்படும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையும் நடத்தும் பயிற்சிகளில் தையல் இருக்கிறது. தேசியத் தொழில் தகைமைச் சான்றிதழோடு முடிகிற அந்தப் பயிற்சியைக் காட்சியமைப்புக்கு அடித்தளமாக எடுத்துக்கொள்ளலாம். துணி எந்தப் பக்கம் இழுபடும், எந்தப் பக்கம் விழும், நேர் இழையில் வெட்டியதற்கும் சாய்வாக வெட்டியதற்கும் தொங்கும்போது என்ன வேறுபாடு என்று தெரிந்தவருடைய கை, பொம்மைக்கு ஆடை போடும்போது தனியாகத் தெரியும்.

ஒன்லைன் பாடங்கள் இரண்டு வகை. லண்டன் கொலேஜ் ஒஃப் பாஷன் போன்ற நிறுவனங்கள் நடத்தும் குறுகிய காலப் பாடங்களில் நேரடியாக ஆசிரியர் இருப்பார். கட்டணம் நூற்றுக்கணக்கான பவுண். பொதுவான கற்கைத் தளங்களில் பதிவுசெய்த பாடங்களைச் சில டொலருக்கு வாங்கலாம். சிலவற்றைச் சான்றிதழ் இல்லாமல் இலவசமாகவே பார்க்கலாம். எதை எடுப்பது என்று தெரிவதற்கு ஒரே கேள்வி போதும்: நான் செய்து அனுப்புகிற வேலையைப் பார்த்து யாராவது பதில் எழுதுவார்களா? எழுதுவார்கள் என்றால் பணம் கொடுக்கலாம். மாட்டார்கள் என்றால் இலவசமானதே போதும்.

ஒன்லைனில் நன்றாகக் கற்கக்கூடியவை சில உண்டு. நிறச் சக்கரம், வெளிச்சத்தின் அளவைகள், பிளானோகிராம் வரைதல், விற்பனைக் கணக்கு ஆகியவை எந்த நாட்டிலும் ஒன்றே. ஸ்கெச்அப் மென்பொருளின் இணைய வடிவம் இலவசம். கடையின் நீள அகலத்தை நாடாவால் அளந்து அதில் வரைந்து பழகலாம். சிக்கல் உதாரணங்களில் வருகிறது. அந்தப் பாடங்களில் வரும் கடைகளில் பெரிய கண்ணாடி இருக்கும், உள்ளே பொருள் குறைவாக இருக்கும், வாடிக்கையாளர் தானே எடுத்துப் பார்ப்பார். நம் பக்கத்துப் புடவைக் கடையில் சேலைகள் மடித்தபடி கூரைவரை ராக்கையில் இருக்கின்றன. விற்பனையாளர் எடுத்து மேசையில் விரித்துக் காட்டுகிறார். வாசலைத் தாண்டிய முதல் சில அடிகளில் வாடிக்கையாளர் எதையும் கவனிக்க மாட்டார், அங்கே முக்கியமான பொருளை வைக்காதீர்கள் என்று எல்லாப் பாடங்களிலும் சொல்வார்கள். சரிதான். ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறும் கடையில் ஆள் அந்த இடத்தில் நின்று குனிந்து நிமிர்கிறார். நிமிரும்போது கண் எங்கே போகிறது என்று நின்று பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். லண்டன் ஆசிரியருக்கு அந்தக் கேள்வியே எழாது. கார்த்திகை, மார்கழி மழையில் சேறு வரும் வாசலுக்கும், காலை வெயில் நேரே அடித்து இரண்டு வாரத்தில் சிவப்புச் சேலையை வெளிறவைக்கும் கிழக்கு நோக்கிய கண்ணாடிக்கும் இதே கதைதான்.

ஆகவே கடை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வழியைத்தான் பெற்றோர் படிப்பாக மதிப்பதில்லை.

மேசையில் சேலை விரிப்பவரைக் கவனியுங்கள். வாடிக்கையாளர் கேட்ட விலையில் ஒன்று, அதற்குச் சற்று மேலே ஒன்று, முற்றிலும் வேறு நிறத்தில் ஒன்று என்று அவர் போடுகிற வரிசையே ஒரு காட்சியமைப்பு. முந்தானையை எந்தப் பக்கம் திருப்பினார், எதை மடித்து ஒதுக்கினார், எதை விரித்தபடியே விட்டார் என்று ஒரு பருவகாலம் பார்த்தவருக்கு, சுவரில் எந்தச் சேலையை விரித்து மாட்ட வேண்டும் என்பது தானாக விளங்கும். அனுபவமுள்ள விற்பனையாளர்களிடம் இருக்கிற இந்த அறிவு எந்தப் பாடத்திட்டத்திலும் எழுதப்படவில்லை. அந்த அண்ணன்மாரிடமும் நானாமாரிடமும் மரியாதையோடு கேட்டால் மறைக்காமல் சொல்லித் தருவார்கள்.

காத்தான்குடி அபாயாக் கடைகள் இன்னொரு பள்ளிக்கூடம். கறுப்பு வெளிச்சத்தை விழுங்கும். மேலே நேராகத் தொங்கும் வெள்ளைக் குழல் விளக்கின் கீழ் பத்து அபாயாக்களும் ஒன்றுபோலவே தெரியும். விலை கூடியதற்கும் குறைந்ததற்கும் வித்தியாசம் போய்விடும். பின்சுவரை இளம் சாம்பல் நிறமாக்கி, சிறு குவி விளக்கு ஒன்றைப் பக்கத்திலிருந்து சாய்த்துவிட்டால் கல் வேலையும் நூல் வேலையும் எழுந்து நிற்கும். தலையில்லாத பொம்மைகளையே விரும்பும் முதலாளிகள் உண்டு. அப்போது முகத்தின் வேலையைத் தோளும் கழுத்தும் செய்ய வேண்டும், ஷோல் போடுகிற முறையே காட்சியின் மையமாகிவிடும். மருதமுனைக் கைத்தறிக்கும் பக்க வெளிச்சம்தான் வேண்டும். நேர் வெளிச்சத்தில் வெறும் கோடுபோட்ட துணியாகத் தெரிகிற சாரம், பக்கத்திலிருந்து ஒளி படும்போது தன் இழையைக் காட்டும். இந்தப் பகுதியின் சொந்தப் பொருளை இந்தப் பகுதிக் கடைகளே மூலையில் அடுக்கி வைத்திருப்பது எனக்கு மிகவும் வருத்தம். அதைக் கண்ணாடிக்கு முன்னால் கொண்டுவரும் பிள்ளைகள் வர வேண்டும்.

விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. நிறத்தை உண்மையாகக் காட்டும் திறனுக்குச் சி.ஆர்.ஐ. என்ற அளவை இருக்கிறது, உச்சம் 100. ஆடைக் கடைக்கு 90க்கு மேல் வேண்டும். நம் கடைகளில் பரவலாக இருக்கும் 6500 கெல்வின் நீலவெள்ளை விளக்கில் மஞ்சளும் பொன்னிறச் சரிகையும் செத்துப்போகும். 3000 முதல் 4000 கெல்வின் வரையானது பட்டுக்கும் தோல் நிறத்துக்கும் நல்லது. சேலையை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்க்கும் அம்மாமார் கடையின் விளக்கை நம்பவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். அவர்கள் எழுந்து போகத் தேவையில்லாத வெளிச்சத்தை அமைத்துக் கொடுப்பது உங்கள் வேலை.

கடையில் கற்பதன் மிகப் பெரிய நன்மை, பதில் உடனே கிடைப்பது. திங்கட்கிழமை சுவரை மாற்றினால் சனிக்கிழமை பில் புத்தகம் பதில் சொல்லும். நூறு பேர் கடந்துபோகிறார்கள், இருபது பேர் நிற்கிறார்கள், எட்டுப் பேர் உள்ளே வருகிறார்கள், மூன்று பேர் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நிற்பவர்கள் குறைவென்றால் வெளிக் கண்ணாடியில் கோளாறு. நின்றும் உள்ளே வரவில்லை என்றால் வாசலிலோ விலைத் துண்டிலோ கோளாறு. உள்ளே வந்தும் வாங்கவில்லை என்றால் அடுக்கில், வெளிச்சத்தில், அல்லது பேச்சில். இந்தப் பிரித்தறிதலை வகுப்பறையில் விளக்கலாம். பழக்கமாக்குவதற்குக் கடை வேண்டும்.

குறைகளும் சின்னவை அல்ல. கடையில் யாரும் உங்களை உட்காரவைத்துக் கற்பிக்க மாட்டார்கள். விற்பனை, பொதி பிரித்தல், கூட்டித் துடைத்தல் எல்லாம் உங்கள் தலையில் விழும். இருக்கிற எல்லாவற்றையும் வெளியே தொங்கவிட வேண்டும் என்று நினைக்கும் முதலாளியிடம் சேர்ந்தால் அந்தப் பழக்கமே உங்களுக்கும் ஒட்டிக்கொள்ளும். சான்றிதழ் கிடைக்காது. பெருநாள் காலத்தில் கடை நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும். பெண் பிள்ளைகளுக்கு வீடு திரும்பும் ஏற்பாடு உறுதியாக இல்லாமல் சம்மதிக்கக் கூடாது. இதை வேலைக்குச் சேரும் நாளிலேயே பேசுவதில் வெட்கம் எதற்கு?

அந்த இரவு வியாபாரத்திலும் ஒரு பாடம் இருக்கிறது. 1909இல் லண்டனில் தன் கடையைத் திறந்த கோர்டன் செல்ஃப்ரிட்ஜ், கடை மூடிய பிறகும் கண்ணாடிகளுக்குள் விளக்கை எரியவிட்டார். இரவில் நடந்துபோகிறவர் பகலில் வாங்க வருவார் என்ற கணக்கு அது. நோன்பு கால இரவுகளில் காத்தான்குடி பிரதான வீதியில் நடந்து பார்த்தால், எந்தக் கண்ணாடி இருட்டில் தூரத்திலிருந்தே அழைக்கிறது, எது பக்கத்தில் வந்த பிறகும் அழைக்கவில்லை என்பது தெளிவாகத் தெரியும். கைப்பேசியில் படமெடுத்து நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையாகப் பாருங்கள். வெளிச்சத்தின் குறைநிறை அப்படியே தெரியும்.

கடையையும் ஒன்லைனையும் சேர்த்துச் செய்யச் சொல்வதற்குக் காரணம் இதுதான்: ஒன்று தருவதை மற்றது தருவதில்லை. கடை கணக்கையும் கையையும் தருகிறது. பாடம் கண்ணுக்கு ஓர் ஒழுங்கைத் தருகிறது. வாரத்தில் ஒரு பாடம், அதே வாரத்தில் அந்தப் பாடத்தை ஒரு சுவரில் செய்து பார்த்தல் என்று ஒரு வருடம் போனால், கொழும்புக்குக் கொண்டுபோகக்கூடிய ஒரு தொகுப்பு கையில் இருக்கும். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் நின்று, ஒரே நேரத்தில் எடுத்த படங்கள். கீழே அந்த வார விற்பனை எத்தனை உருப்படி கூடியது அல்லது குறைந்தது என்ற குறிப்பு. குறைந்ததையும் எழுதுங்கள். வேலைக்கு ஆள் எடுப்பவர் அதை நிச்சயம் கவனிப்பார். அந்தத் தொகுப்போடு கொழும்பு நிறுவனமொன்றில் வேலைக்கே நேராக விண்ணப்பிக்கலாம். படிக்கப் போனாலும் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவீர்கள்.

இங்கிருந்து கொழும்பு முன்னூறு கிலோமீற்றருக்கு மேல். வருடத்தில் ஓரிரு தடவை இரவு ரயிலில் போய், பகல் முழுவதும் கடைகளைப் பார்த்து வரைந்துவிட்டு, மறு இரவே திரும்பலாம். பட்டப்படிப்புக்குப் பணமில்லாதவர் கொழும்பை முழுவதுமாக இழக்க வேண்டியதில்லை.

கடையைத் தெரிவு செய்யும்போது அதன் பெயரைவிட முதலாளியின் பதிலைப் பாருங்கள். "ஒரு சுவரை மட்டும் என்னிடம் விடுவீர்களா? அந்தச் சுவரில் விற்றதைத் தனியாக எழுதிவைக்கச் சம்மதிப்பீர்களா?" என்று கேளுங்கள். "மகள், மூன்று மாதம் விற்பனையில் நில், பிறகு சுவரைத் தருகிறேன்" என்று சொல்பவர் நல்ல முதலாளி. அந்த மூன்று மாதமும் வீணாகாது. பதில் சொல்லாமல் சம்பளத்தைப் பற்றி மட்டும் பேசுபவரிடம் விற்பனையாளராகலாம், காட்சியமைப்பாளராக ஆவது கடினம். சிறிய கடையாக இருந்தாலும் பரவாயில்லை. கல்முனையிலும் ஏறாவூரிலும் அக்கரைப்பற்றிலும் இரண்டாம் தலைமுறையினர் கையில் எடுத்திருக்கும் கடைகளில் இத்தகைய கேள்விக்கு இப்போது காது கொடுக்கிறார்கள்.

சேரும் மாதத்தையும் யோசித்துத் தீர்மானியுங்கள். தை மாதம் பொங்கலும் பள்ளிச் சீருடையும், சித்திரையில் புத்தாண்டு, பிறகு தீபாவளி, நத்தார். நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் ஒவ்வொரு வருடமும் 10 அல்லது 11 நாள் முன்னால் நகரும் என்பதால் அந்த வருட நாட்காட்டியைப் பார்த்தே கணக்கிட வேண்டும். நெருக்கடி நாளில் போய்ச் சேர்ந்தால் பொதி தூக்கத்தான் நேரம் இருக்கும். இரண்டு பெருநாளுக்கு நடுவில் வியாபாரம் ஆறியிருக்கும் வாரங்களில் சேர்ந்தால் முதலாளிக்கும் பேச நேரமிருக்கும், சுவரைக் கழற்றி மாட்டிப் பார்க்க உங்களுக்கும் இடமிருக்கும்; அடுத்த பெருநாளின் கண்ணாடியை நீங்களே அமைக்கலாம்.